காந்தம் காட்டாத கிண்ணம்

ஆய்வுகூடத்தில் எப்போதும் இரண்டு கிண்ணங்கள் வைப்போம். இரண்டிலும் நரம்புக் கலங்கள், அவற்றின் மேல் ஒட்டிய காந்த நனோத் துணிக்கைகள். ஒரு கிண்ணத்தின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் துணிக்கைகள் இழுபடும். கலத்தின் கதவு திறந்து கல்சியம் உள்ளே போகும். கலம் பச்சையாக ஒளிரும். தொடாமலே. மற்றக் கிண்ணத்துக்குக் காந்தம் காட்டுவதில்லை. அது இருட்டாக இருந்தால்தான் முதல் கிண்ணத்தின் ஒளிக்கு அர்த்தம்.

இந்தக் கிழமை இரண்டாவதும் ஒளிர்ந்தது.

"அண்ணை, இதுக்குப் பேய் பிடிச்சிட்டுது," என்றாள் தாரகா. சட்டன் என்ற ஊரிலிருந்து ரயிலில் வரும் ஆய்வு மாணவி. வெள்ளிக்கிழமை பேராசிரியருக்கு முடிவு காட்டவேண்டும். இப்படியே இருந்தால் அவளுடைய வேலை முழுவதும் குப்பை.

"நான் லீவில நிண்டபோது?"

"அப்ப ஒழுங்காத்தான் இருந்தது."

"அப்ப பேய் நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. புதுக் கிண்ணம் வைத்தாள். இருட்டு. நுணுக்குக்காட்டியைச் சரிசெய்ய நான் குனிந்தேன். திரையில் பச்சை.

"எட்டி நில்லுங்கோ."

இருட்டு.

"திரும்பக் குனியுங்கோ. அண்ணை, பொக்கற்றில என்ன வைச்சிருக்கிறியள்?"

மடு மாதா. எங்கள் மனோர் பார்க் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் என் மனைவி பெர்னடெற் ஒட்டியிருந்த சின்னப் படம். ஊரில் மடுக் கோயில் திருவிழாவுக்குப் போய் வாங்கி வந்தது. அவளை அடக்கம் செய்த காலையில் அதைக் கழற்றினேன். அன்றிலிருந்து அது என் மார்புப் பையில்தான். ஆய்வுகூடத்துக்குள் காந்தம் கொண்டுவரக் கூடாதென்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். இதை நான் காந்தமென்று நினைத்ததே இல்லை.

தாரகா படத்தைப் புரட்டினாள். பின்னால் பொத்தான் அளவில் பலமான காந்தம்.

"அக்கான்ரயோ?"

"ஓம்."

"மாதாவை வெளியில விட்டிட்டு வர ஏலுமோ அண்ணை?" மெதுவாகத்தான் கேட்டாள்.

நடைபாதையில் என் இரும்பு அலுமாரி இருக்கிறது. கதவுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் படம் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. கை சிறிது நேரம் அங்கேயே நின்றது. பிறகு உள்ளே வந்து, அதே இடத்தில், அதே மாதிரிக் குனிந்தேன்.

இருட்டு.

"அப்பாடா! சரி வந்திட்டுது," என்று தாரகா கைதட்டினாள். "அண்ணை, இனி நிமிரலாம்."

"கொஞ்சம் பொறும்," என்றேன்.

இன்னும் கிட்டக் குனிந்தேன். வெறும் பையோடு மார்பு மேசையில் முட்டியது. கலங்கள் உயிரோடுதான் இருந்தன. ஒன்றும் ஒளிரவில்லை.