எச்சில் ஊறிய தரை

தையற்காரர் வீட்டுக் குளியலறைத் தரையில் ஊறியது எச்சில். அது தெரியவர நான்கு வருடங்கள் ஆயின. அதுவரை எல்லோரும் தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஷவரைத் திறக்காத நாளிலும் தரை நனைந்து கிடந்தது. வெறுங்காலை வைத்தால் கொழகொழவென்று ஒட்டியது. மூலையெல்லாம் கறுப்புப் பூசணம். கதவைத் திறந்தால், தூங்கி எழுந்தவர் பல் விளக்காமல் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதுபோல் ஒரு வாடை. தையற்காரரின் மனைவி மூச்சை அடக்கிக்கொண்டுதான் உள்ளே போவாள். அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில், ஊரார் டப்பாவில் காறித் துப்பிக் கொடுக்கும் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையோடு குளித்தால்தான் தன்னை ஒரு மனுஷியாக அவளால் நினைக்க முடியும். அந்த ஒரு குளியலையும் இந்தப் பாழாய்ப்போன தரை கெடுத்துவைத்தது.

முதலில் வந்த பிளம்பர் குழாய்களை அடைத்து, பம்பு வைத்து அழுத்திப் பார்த்து, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாமவர் வடிகால் துளையைத் துணியால் அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டுப் போனார். தண்ணீர் இறங்கினால் தரையில் ஓட்டை என்பது அவர் கணக்கு. மறுநாள் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு மேல் அரை விரல் ஏறியிருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பியவர்தான், அப்புறம் போனையே எடுக்கவில்லை. மூன்றாமவர் குனிந்து மோந்து பார்த்தார்; "நான் சாக்கடையில இறங்குறவன்க்கா, எனக்கே இது முடியல" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று ஒரு விடுமுறை நாளில் அவளே இறங்கினாள். தரையை ஒட்டத் துடைத்து, முகப் பவுடரை ஒரு டப்பா முழுக்கத் தூவி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலையெல்லாம் ஒன்றுமில்லை. மதியம் ஒரு மணி நெருங்கியபோது, நான்கு கற்கள் கூடும் முனைகளில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஈரம் வந்தது. எண்ணினாள், முப்பது. இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டு நேரம் வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. கையுறை போட்டு ஒரு சொட்டை எடுத்து வைத்து, மறுநாள் ஆய்வகத்தில் பார்த்தாள். கன்னத்தின் உட்பக்கம் உதிரும் செல்கள், தட்டைத் தட்டையாக. நோயாளிகளில் பாதிப் பேர் சளிக்குப் பதில் இதைத்தான் துப்பிக் கொடுப்பார்கள். பார்த்ததுமே அவளுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் பதிவேட்டில் 'வெறும் எச்சில், வேறு மாதிரி கேட்கவும்' என்று எழுதிவிட்டு, வாஷ்பேசினுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நான்கு வருடமாக அதன்மேல் நின்றல்லவா குளித்திருக்கிறாள்.

அந்தத் தரையைப் போட்டவர் வேறு யாருமல்ல, அவள் கணவர்தான். கடையில் வேலை குறைவாக இருந்த ஒரு மாதத்தில், போனில் வீடியோ பார்த்துத் தானே கல் பதித்தவர். வருகிறவர் போகிறவரையெல்லாம் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டியவர்.

"ஏங்க, தரை போடும்போது அதுல துப்பினீங்களா?"

"சீச்சீ, என்ன பேச்சு பேசுற? ஸ்பேசரை மட்டும் வாயில வச்சிருந்தேன்."

"எதை?"

"அதான், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல வைப்பாங்களே, கூட்டல் குறி மாதிரி பிளாஸ்டிக். கை ரெண்டும் வேலையா இருந்துச்சு. குண்டூசியை வச்சுக்கிற மாதிரி பல்லுல கடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம் அதையெல்லாம் எடுத்துட்டுத்தானே சிமெண்ட் பூசினீங்க?"

"எடுக்கணுமா?" என்றார் அவர். தைத்த நூலை யாராவது உருவுவார்களா என்று நினைத்துவிட்டார், பாவம்.

அவளுக்குப் பாவமாக இல்லை. கோபம்தான் வந்தது. "ஒண்ணு, மாசக் கடைசிக்குள்ள இந்தத் தரை காயணும். இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கொத்தனார் வந்தார். முதல் ஸ்பேசரைப் பெயர்த்தெடுத்த அன்று தையற்காரருக்கு நாக்கின் நுனி காய்ந்தது. ஊசியில் கோக்க நூலை நனைக்க முடியவில்லை. இரண்டாவதற்குச் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. மூன்றாவதை எடுத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. கொத்தனாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இடிபாட்டு மூட்டையைக் கவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினாள். இரண்டு கிடைத்தன. அவற்றைக் கழுவாமல் அவர் வாயில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, எடுத்த இடத்திலேயே பதித்தார்கள். மூன்றாவது கிடைக்கவே இல்லை; வாயில் மறுபடி எச்சில் ஊறினாலும் இடதுபக்கம் மட்டும் காய்ந்தே கிடந்தது, கடைசிவரை அவர் அந்தப் பக்கம் மெல்லவில்லை.

சொன்ன சொல் மாறாமல் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பதிமூன்று நாள் ஆசைதீரக் குளித்தாள். ஆனால் அக்காள் கணவர் ஜன்னல், படி, பூந்தொட்டி என்று பார்த்த இடத்திலெல்லாம் துப்புகிற மனிதர். சொந்த வீட்டு எச்சிலே தேவலை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பிறகு ஒன்பது வருடம் ரப்பர் செருப்போடு குளித்தாள், தினமும் இரண்டு வேளை துடைத்தாள். பழகிவிடும் என்று அக்கா சொன்னாள். பழகவில்லை.

பத்தாம் வருடம் தையற்காரருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போனது. மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். தரை எலும்பாகக் காய்ந்திருந்தது. அன்று அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அரை மணி நேரம் குளித்தாள். அவ்வளவு சுகமாக இருந்தது. தலையைத் துவட்டும்போதுதான், தான் எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்பது உறைத்தது. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். தானாக விழுங்கினால்தான் ஆள் தேறுவார் என்றார் டாக்டர். அவர் கஞ்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வேளை அப்படியே போனது. நான்காம் வேளை அவள் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, வாணலியோடு கட்டிலருகே கொண்டுபோய் விசிறியால் வாசனையை அவர் பக்கம் வீசிவிட்டு, குளியலறைக்கு ஓடி, முழங்காலிட்டு, வெறுங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. திரும்ப ஓடி விசிறினாள், திரும்ப வந்து தொட்டாள். ஆறாவது தடவை, உள்ளங்கைக்கு அடியில், வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று ஊறியது. "சனியனே, வந்துட்டியா!" என்று ஓங்கரித்துக்கொண்டே அழுதாள். அன்று அவர் ஆறு கரண்டி கஞ்சி விழுங்கினார்.

அதன்பின் ஏழு வருடம் இருந்தார். பேச்சு திரும்பவில்லை, திரும்பாததால் பெரிய குறையும் இல்லை. மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் குளியலறைத் தரை நசநசவென்று ஊறத் தொடங்கும். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, துடைப்பானை ஊன்றியபடி, தரையைப் பார்த்து அவள் கத்துவது தெருவுக்கே கேட்கும்: "வரேன், வரேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"