தாலி ஏறும் இடத்தில் சத்தம் பிந்துகிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு தாமதத்துக்கான சமாதானமாகக் கிடைத்தது. தொண்ணூற்றெட்டில், உறவினர் வீட்டுக் கல்யாணக் கேசட் தயாரா என்று கேட்க, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடியோ கடைக்குப் போயிருந்தேன். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார் அங்கே எடிட்டிங் செய்த குணபூசணி. ஏன் என்று கேட்டேன். பதிலாக, கிள்ளானில் இருந்த ஒரு கணவன் மனைவியைப் பற்றிச் சொன்னார். கேட்டு முடித்தபோது, கேசட் அடுத்த வருஷம் கிடைத்தாலும் போதும் என்று தோன்றிவிட்டது.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி:

கணினி என்னும் பெட்டிக்குள் காலம் ஒரு

[நிறுத்திவிட்டேன். குணபூசணி படித்தால் சிரிப்பார்.]

இரண்டாவது: தம்புசாமிக்குக் காது கேட்காது, மாரியாயிக்குக் கண் தெரியாது.

[இதில் பொய் இல்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இரக்கப்படத் தயாராகிவிடுவீர்கள். அந்த வீட்டில் இரக்கத்துக்கு வேலை இல்லை. எனவே திரும்பி வந்த கேசட்டிலிருந்தே தொடங்குகிறேன்.]

2

ரமணி தன் கல்யாணக் கேசட்டை இரண்டாவது முறையாகத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“அக்கா, தாலி கட்டுற எடத்துல ஏதோ சரியில்லையாம். எனக்கு ஒண்ணும் தெரியலலா. ஆனா அதப் பார்த்ததுலேருந்து அப்பாவும் அம்மாவும் சரியா சாப்பிடறதில்ல.”

முதல் முறை, வீட்டு வீடியோ பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார் குணபூசணி. இப்போது கேபிளை மாற்றி, வேறு டிவியில் போட்டுப் பார்த்தார். குறை எதுவும் கண்ணில் படவில்லை.

கடைக்குக் கணினி வந்தது அந்த வருஷம்தான். அதற்கு முன் ஒரு பிளேயரிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்வார். படமும் சத்தமும் ஒரே நாடாவில் ஒன்றாகவே போகும், ஒன்றாகவே வரும். கணினியோ இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு பிறகு சேர்க்கிறது. பாதி வேலையில் அது உறைந்து நிற்பதும், இடம் மாற்றி வைத்த கோப்பைக் காணோம் என்று அடம்பிடிப்பதும் அவருக்குப் பழகிவிட்டிருந்தன. கண்ணுக்கே தெரியாத கோளாறு இதுதான் முதல்.

(எடிட்டிங் தெரிந்த வாசகர் இந்நேரம் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். குணபூசணிக்கு இன்னும் தெரியாது.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார்.

3

ரமணியின் அப்பா தம்புசாமி செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன்களைச் சம்மட்டியால் அடித்து வேலை பார்த்தவர். காது அங்கேயே போய்விட்டது. மாரியாயியின் கண்ணைச் சர்க்கரை வியாதி கொண்டுபோயிருந்தது. மகள் கல்யாணத்தில் மணவறையில் நின்றபோது இருவர் கைகளுக்கும் சடங்கு வேலை இருந்தது. அவருக்குக் கிடைத்தது மேளம் இல்லாத கல்யாணம். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது மாப்பிள்ளை முகம் இல்லாத கல்யாணம். கேசட்டில்தான் முழுசாகப் பார்க்கலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அவர்கள் பார்க்கும் விதத்தை குணபூசணி அன்று பார்த்தார். சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். மாரியாயி கணவரின் உள்ளங்கையைத் தன் மடியில் விரித்து வைத்து, கேட்கிற தவில் அடியை அப்படியே விரல்களால் அதில் தட்டினார். தம்புசாமி திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். யார் வருகிறார்கள், என்ன நிறப் புடவை, யார் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்கள், எல்லாம். அவர் கண்ணில் அந்த அம்மா பார்த்தார். அந்த அம்மாவின் விரலில் அவர் கேட்டார். கடை வைத்த நாளிலிருந்து நூற்றுக்கணக்கான கல்யாணங்களை வெட்டி ஒட்டிய குணபூசணி, இத்தனை முழுமையாக ஒரு கல்யாணத்தை யாரும் பார்த்துக் கண்டதில்லை.

[தம்புசாமியை முதல் வரைவில் சாந்தமானவராக எழுதியிருந்தேன். குணபூசணி ஒத்துக்கொள்ளவில்லை. டீ கொண்டுவரத் தாமதமானதற்குக்கூட ரமணியைத் திட்டினாராம். திட்டட்டும்.]

தாலி கட்டும் இடம் நெருங்கியபோது தம்புசாமியின் பேச்சு தயங்கியது. கேசட்டை நிறுத்திவிட்டு, குணபூசணியை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ரகசியம் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்காதவரின் ரகசியம் அது. வீடு முழுக்கக் கேட்டது.

“அவ கை மந்தமாயிருச்சும்மா. தவிலுக்காரன் குச்சி விழுந்து, அப்புறமாதான் இவ தட்டுறா. ஸ்ட்ரோக் வரப்போவுதோன்னு பயமா இருக்கு. அவகிட்ட சொல்லிடாத.”

குணபூசணி கூடத்துக்குத் திரும்பினார். மாரியாயி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர் என்பதால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“என் கைக்கு ஒண்ணுமில்லம்மா. அவருக்குத்தான் கண்ணு மங்குது. மேளம் இன்னும் ஏறல, அதுக்குள்ள தாலி ஏறிருச்சுங்கறாரு. பார்த்துச் சொல்லல, மனசுல உள்ளதச் சொல்றாரு. கண்ணு போனாலும் எங்கிட்டச் சொல்ல மாட்டாரு. அவர் பேசினது எனக்குக் கேட்டுச்சுன்னு காட்டிக்காத.”

குணபூசணி இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தார். தம்புசாமியின் கண் சரி. மாரியாயியின் கை சரி. அப்படியானால்?

கோளாறு தன் கணினியில்தான் என்று இருவரிடமும் தனித்தனியாக எடுத்துச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். ஆறுதலுக்குச் சொல்லும் பொய்யைக் கேட்கிறவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். தம்புசாமி ஏற்கெனவே மனைவிக்காக டாக்டரிடம் நாள் குறித்துவிட்டிருந்தார்.

4

காரணம் இதுதான். பழைய கல்யாணங்களை அழிக்காமல் வைத்திருந்ததில் டிஸ்க் நிரம்பி வழிந்தது. டேப்பிலிருந்து படம் உள்ளே வரும் வேகத்துக்கு எழுத இடம் தேடி, கணினி மூச்சு முட்டியது. முட்டும்போதெல்லாம் ஒரு படத்தை விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மேலே போனது. ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். ஒன்று குறைந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சத்தத்தில் எதுவும் குறையவில்லை. அதனால் படம் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டே போய், தாலி கட்டும்போது சத்தம் நன்றாகவே பின்தங்கிவிட்டது.

குணபூசணி பழையவற்றை அழித்தார். டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தினார். டேப்பை முதலிலிருந்து மறுபடி ஏற்றினார். சரிபார்க்க, படமும் சத்தமும் சந்தேகமில்லாமல் சந்திக்கிற இடங்களைத் தேடினார். தேங்காய் உடைகிற இடம் ஒன்று. குத்துவிளக்குப் பக்கம் யாரோ தட்டைக் கீழே போட்ட இடம் ஒன்று. கடைசியாக, தாலிக்குச் சற்று முன்பு, திரையின் ஓரத்தில் பாதி மறைந்து தெரிந்த தவில்காரர்.

குச்சி விழுந்தது. அதே கணத்தில் சத்தம் பிறந்தது.

பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற விஷயம்தான். ஆனால் அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது என்றார் குணபூசணி. யாரும் கோக்காமலேயே உலகத்தில் எல்லாம் இப்படிச் சேர்ந்தே நடக்கிறதே என்று, திரும்பத் திரும்ப அந்த ஓர் அடியையே போட்டுப் பார்த்தாராம்.

5

முடிவுகள்.

(அ) சரிசெய்த கேசட்டிலும் மாரியாயியின் கை பிந்துகிறது. கோளாறு கணினியிலும் இருந்தது, கையிலும் இருந்தது. [இதை எழுதினேன். நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததே சந்தேகம் தந்தது. அப்படி நடக்கவும் இல்லை.]

(ஆ) தாலி ஏறியதும் இருவரும் கட்டிக்கொண்டு அழு

[தம்புசாமியா? வாய்ப்பே இல்லை.]

நடந்தது இது. குணபூசணி புதுக் கேசட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கிள்ளானுக்குப் போனார். ரமணியும் வந்திருந்தாள். “இப்பக் கட்டுறாரு” என்று தம்புசாமி சொன்ன அதே நேரம் கெட்டிமேளம் எழுந்தது, மாரியாயியின் விரல்கள் விழுந்தன. மாரியாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்புசாமி திரையை விட்டுவிட்டு மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குணபூசணி பக்கம் திரும்பி, மொதல்லயே இப்படிக் குடுத்திருக்கலாம்லா என்று அலுத்துக்கொண்டார். டாக்டரிடம் போகவில்லை.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் கேசட் ஓடி முடிந்தபின் ஒன்று நடந்தது.

மணமக்கள் ஏறிய கார் மண்டபத்து வாசலைத் தாண்டியதும் படம் தீர்ந்தது. திரை வெறும் நீலமாயிற்று. சத்தம் இல்லை. அணைக்க எழுந்த ரமணி பாதியில் நின்றுவிட்டாள். தம்புசாமி நிறுத்தவில்லை.

“கார் மேரு ரோட்டுல திரும்புது. பொண்ணு கண்ணத் தொடைக்குது. மாப்பிள்ள கைக்குட்டை குடுக்கிறாரு.”

அவர் முன்னால் எதுவும் தெரியவில்லை. மாரியாயிக்கு எதுவும் கேட்கவில்லை. டேப் தீர்ந்துவிட்டது இருவருக்கும் தெரியும். ஆனாலும் மாரியாயியின் விரல்கள் அவர் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தன, அடி பிசகாமல்.

குணபூசணியும் ரமணியும் ஓசையில்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். கதவையும் சாத்திவிட்டார்கள். அதனால் அந்தக் கார் எங்கே போய் நின்றது, வாசலில் யார் ஆரத்தி எடுத்தார்கள், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓடியது என்று குணபூசணிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. என்னால் கற்பனை செய்ய முடியும், செய்ய மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த கல்யாணம் ஒன்று இருக்கும். அதை இங்கே ஓட்டிக்கொள்ளுங்கள்.

திரை நீலமாக இருக்கிறது. தம்புசாமி சொல்கிறார்: “இப்ப பொண்ணு