வயிறு தூக்கிய தேரைகள்

வானவடி என்ற ஊரில் இருந்த அந்தச் சிறிய ஆய்வகத்தின் உள்ளறையில் பொழுது சாய்ந்தால் போதும், சில்வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் எழும். கத்துவது வண்டல்ல, கட்டைவிரல் நகமளவே உள்ள மழைக்காட்டுத் தேரைகள். அவை வாழ்ந்த மலைச்சரிவு போன மழையில் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மிச்சம் இந்தக் கண்ணாடித் தொட்டியில் இருப்பவைதாம். ஒரு பெண் தேரைக்கு இப்போது வயிறு நிறைய முட்டை. அவற்றைக் காக்கும் பொறுப்பு ஆய்வாளர் சுப்ரஜாவினுடையது.

அன்று ஆயுத பூஜை. உதவியாளர் மாடசாமி கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள புகை வேண்டாம் அண்ணாச்சி. வெளி ரூம்லயே சின்னதா பண்ணுங்க, போதும்."

"எனக்குத் தெரியாதா தாயி? ஒங்க தவளைப் புள்ளைக மேல தூசி படாது."

"தவளை இல்ல, தேரை!"

"ரெண்டும் குதிக்கத்தான செய்யுது."

சிரித்துக்கொண்டே அவள் சக ஊழியர்களுக்குப் பொரி கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது உள்ளறை ஊமையாகிக் கிடந்தது.

தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். தேரைகள் எல்லாம் நான்கு கால்களையும் விறைப்பாக ஊன்றி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றன.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரப் பாசியில் வயிற்றைப் பதித்துப் படுக்கும். அடிவயிற்றின் மெல்லிய தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தில் என்ன கலந்திருந்தாலும் அதுவும் ரத்தத்தில் சேரும். தேரை வயிற்றைத் தூக்கினால், கீழே இருக்கும் ஈரம் சரியில்லை என்று பொருள்.

வெளியறைக்கு ஓடினாள். பனிப்புகை இயந்திரத்தின் பக்கத்தில் சாம்பிராணி புகைந்தது. அங்கிருக்கும் காற்றை இழுத்து, நீர்த்துளியோடு சேர்த்துக் குழாய் வழியே தொட்டிக்கு அனுப்பும் இயந்திரம் அது. பிளக்கைப் பிடுங்கினாள். பனிப்புகை நின்றுவிட்டதால், இனி தாமதித்தால் தேரைகளின் தோல் காய்ந்துவிடும். அதற்குள் பாசியைக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் தேரைக்கு ஆகாத குளோரின். அது போவதற்காகத் திறந்துவைத்திருந்த வாளியைத் தூக்கினாள்.

தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பச்சைக் கற்பூரம் மணத்தது.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டீங்க?"

"தீர்த்தமாக்கினேன் தாயி. நமக்குச் சோறு போடுத தண்ணியில்லா?" மாடசாமியின் முகம் மலர்ந்திருந்தது. "மிஷின்லயும் அதைத்தான் ஊத்திருக்கேன்."

வாளி அவள் கையில் கனத்தது. கண்ணாடிக்குப் பின்னால், முட்டை சுமந்த தேரையின் கால்கள் நடுங்கின. அது மெல்ல, மிக மெல்ல, வயிற்றை அதே ஈரப் பாசியில் இறக்கியது.