நடுங்கியது கார்தான்

அக்கா ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மாமா இறந்துபோன பிறகு, எங்கே போகவும் யாருடைய தயவும் வேண்டாம் என்று பிடிவாதம். அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மெக்கானிக் தம்பி இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை என்றார்கள் உறவுக்காரர்கள்.

போன வருடம் ஒருநாள் பட்டறைக்கு வந்தாள்.

"சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் நடுங்குதுடா. சீட்டும் சேந்து அதிருது. கெளம்பிட்டா சரியாயிடுது."

பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்னால் நின்றபடி காதைக் கொடுத்தேன். கியர் பார்க்கிங்கில் இருந்தது. இன்ஜின் சமர்த்தாக ஓடியது. நின்ற இடத்திலிருந்து காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவேன் என்று இருபது வருடத் திமிர் எனக்கு. டிரைவர் சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கியரை டிரைவுக்கு மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

"கார் நடுங்கலக்கா, உன் கைதான் நடுங்குது. வயசாகுதுல்ல?" என்று ஒரே போடாகப் போட்டேன். பட்டறையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு அவள் காரை எடுப்பதே குறைந்தது. கேட்டால், பஸ்ஸே வசதியாக இருக்கிறது என்பாள். நானும் நம்பிவிட்டேன். போன வாரம் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"வித்துடுடா. யார்மேலயாவது ஏத்திட்டேன்னா என்ன பண்றது?"

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் சிக்னல். கியர் டிரைவில், கால் பிரேக்கில். ஸ்டீயரிங் என் கைக்குள் வெடவெடவென்று நடுங்கியது.

பட்டறைக்கு வந்ததும் ஓர் ஆளை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அழுத்தியபடி டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. அதைத் தாங்கும் மவுண்டிங்கின் ரப்பர் இரண்டாகக் கிழிந்து, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. பார்க்கிங்கில் இன்ஜினுக்குச் சுமை இல்லை, அதனால் தெரியவில்லை. தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. அடியில் பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கிப் பிடித்து, புது மவுண்டிங் மாட்ட எனக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் கைல ஒண்ணுமே இல்ல. கார்லதான் கோளாறு. நான்தான் ஒழுங்கா பாக்காம வாய்க்கொழுப்புல ஒளறிட்டேன். ஒக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். டிரைவுக்கு மாற்றி பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். கார் அசையாமல் நின்றது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"நல்லா பண்ணியிருக்கடா. வித்துடு."

"அதான் சரியாயிடுச்சேக்கா!"

"பயம் உள்ள புகுந்துடுச்சுடா, இனிமே போவாது. டாக்டர்கிட்டகூட காட்டினேன், தெரியுமா? கையில ஒரு கொறையும் இல்லன்னுதான் சொன்னாரு. நான்தான் நம்பல. என் தம்பி தப்பா சொல்ல மாட்டானேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள்.