பாலிஷ் போட்ட அம்பாசிடர்

எங்கள் அம்பாசிடருக்குப் பாலிஷ் போட்டு வந்த நாளிலிருந்து என் புருஷன் தங்கராஜ் மனுஷனாகவே இல்லை. காக்கா பறந்தால் கல்லைத் தேடுகிறார். மரத்தடியில் எச்சம் விழும் என்று மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக் கழுவி வண்டியை அங்கே நிறுத்தினார். மாட்டை வெயிலில் கட்டினார். அது என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது.

திருவண்ணாமலை ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆதவன்தான் பாலிஷ் போட்டவன். அவன் சொல்லி அனுப்பிய பத்தியத்தை இவர் கடைப்பிடித்த ஒழுங்கில் பிள்ளை பெற்றவள்கூடக் கடைப்பிடித்திருக்க மாட்டாள். ஒரு வாரம் கழுவக் கூடாது. அப்புறமும் கார் ஷாம்புதான், அதுவும் நிழலில்தான். தூசியோடு காய்ந்த துணியால் தேய்த்தால் கோடு விழும். எச்சம் பட்டால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கென்று மெத்தென்ற துணி ஒன்று கொடுத்திருந்தான். அதை நான் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார்.

பொய் சொல்வானேன், வண்டி அழகாகத்தான் இருந்தது. பத்து வருஷம் தூசியில் கிடந்த கருநீலத்தில் இப்போது முகம் தெரிந்தது. அந்த வண்டி டாக்சி ஸ்டாண்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயசு. விடிந்ததும் பழைய வேட்டித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு சுற்றுத் துடைப்பார். ராஜகிரிக் கோட்டை மலைமேல் வெயில் ஏறும்போது வண்டி மின்னும். சாயங்காலம் அந்தக் கையால் என் கன்னத்தைத் தொட்டால் மண்ணெண்ணெய் வாடை. திட்டித் தீர்ப்பேன். இப்போது அந்த வாடைக்கு ஏங்குகிறேன்.

மனசில் ஒரு முள்ளும் உண்டு. இருபத்திரண்டு வருஷம் அவர் ஓட்டிய வண்டியில் நான் ஒருநாள்கூட முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு ஆறு நடை அடிப்பார். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஐந்து பேர். கை காட்டிய ஆளை ஏற்றாமல் போனதே இல்லை. நான் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அங்காளம்மனைக் கும்பிட்டுத் திரும்புவேன். குடும்பம் ஓட வேண்டுமே. அவர் கண்ணில் புரை விழுந்து வண்டி நின்றபோது என் ஆசையும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். போன மாசம் ஆபரேஷன் ஆகி, மெக்கானிக்கை வைத்து வண்டியை ஓடவிட்டதும் அது மறுபடி முளைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன். "ஒருதபா என்ன முன்னாடி உக்கார வெச்சி ஓட்டிட்டு வாய்யா. வளத்தி வரைக்கும் போதும், மலையனூருகூட வேணாம்."

"ரோடு பூரா தூசா இருக்குது. இப்ப வேணாம்."

"பொண்டாட்டிய விட பெயிண்டு பெருசா பூட்ச்சா?"

துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை முடி வெட்டப் போயிருந்தார். எனக்குக் கோபம் ஆறியிருந்தது. அவர் வருவதற்குள் வண்டியைத் துடைத்து வைத்தால் சமாதானம் ஆகிவிடலாம் என்று தோன்றியது. ரேஷனில் மண்ணெண்ணெய் போட்ட காலத்தில் மிச்சம் பிடித்த பாட்டில் ஒன்று பரணில் கிடந்தது. காய்ந்த துணிதானே ஆகாது என்று, அவர் அப்போது செய்ததைப் போலவே பழைய வேட்டியை அதில் நனைத்து, பானட்டிலிருந்து டிக்கி வரை அழுத்தித் துடைத்தேன். அந்த வாடையில் என் வயசு குறைந்துகொண்டே போனது. முணுமுணுவென்று பாட்டுக்கூட வந்தது.

வந்தவர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாத்த போட்டு தொடச்ச?"

"நீ தொடைக்கறததான். மண்ணெண்ண."

பானட்டில் விரலை வைத்து இழுத்தார். பிசுக்கில் கோடு விழுந்தது. அதற்குள்ளேயே தூசி ஒட்ட ஆரம்பித்திருந்தது.

"அது அந்தக் காலத்துக்கு, சுதா. இப்ப மேல மெழுகு பூசியிருக்குது. மண்ணெண்ண அத்த எடுத்துடும்."

கத்தியிருந்தால் தேவலை. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "வர்ற அமாவாசைக்கு உன்ன முன் சீட்டுல வெச்சி கூட்டிட்டு போலாம்னு இருந்தேன். கோயில் வாசல்ல புது வண்டியாட்டம் போயி நிக்கணும், நீ எறங்கறத நாலு பேரு பாக்கணும்னுதான் பொத்திப் பொத்தி வெச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்த இரண்டு நாளுக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்று அழுதுகொண்டே சண்டை பிடித்தேன்.

அவர் எழுந்து சாவியை எடுத்தார். "பொடவ மாத்திக்கினு வா."

"இப்பவா?"

"இனிமே காக்கறதுக்கு இன்னா இருக்குது? வா."

முன் கதவை அவரே திறந்துவிட்டார். நல்ல பட்டுப்புடவையில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்த ரோடு, பஸ்ஸில் நின்று பார்த்த ரோடாக இல்லை. பானட்டில் புழுதி படியப் படிய அவர் வாய்க்குள் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

வளத்திக்கு முன்னால் புளியமரத்தடியில் பையோடு நின்ற ஒருவர் கை காட்டினார். என் புருஷனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. நான் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மலையனூரா? ஒரு ஆளு ஏறிக்கட்டுமாண்ணே?"

"எடமில்லப்பா, ஃபுல்லு" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கியரை மாற்றினார்.

பின் சீட்டு முழுக்கக் காலியாகக் கிடந்தது.