விஜயராணி வைத்த சாவி

வளைகுடாவில் போர் மூண்டு கப்பல்கள் நின்றதும் திருப்பூரில் முதல் அடி விழுந்தது பவர் டேபிள்காரர்கள் தலையில்தான். கம்பெனிகள் வெட்டித் தரும் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் அவர்கள். இனிமேல் பாதிக் கூலிக்குத்தான் துணி என்று கம்பெனிகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டன. ஒத்துக்கொண்டால் பட்டறையை விற்றுவிட்டுக் கூலிக்குத் தைக்கப் போக வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் சாமியப்பன் நல்ல மனிதர், பாவம். கம்பெனிக்குப் போய் டீயைக் குடித்துவிட்டு, போர் முடியும்வரை பொறுத்துப் போவோம் என்ற பேச்சோடு திரும்பி வந்தார். முருகன் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள்; வேலைநிறுத்தம்தான் ஒரே வழி என்றார்கள். தன்னால் முடியாது, மருமகன் அருள்செல்வன் பார்த்துக்கொள்ளட்டும் என்று மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

அருள்செல்வனுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை அது. ஆனால் அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைநிறுத்தம் என்றால், தலைவராகிறவர் தன் பட்டறையை முதலில் பூட்டிச் சாவியைச் சாமி முன்னால் தட்டில் வைக்க வேண்டும். திறக்கும்போது அவர்தான் கடைசி. அருள்செல்வன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். விட்ட கை வெளியே வரவில்லை. எப்படி வரும்? காலையில்தான் பாதிக் கூலிக்கு ஒரு டெம்போ துணியைக் கமுக்கமாக இறக்கி வைத்திருந்தான்.

அப்போது எழுந்தாள் விஜயராணி. தெற்கேயிருந்து டைலராக வந்து சொந்தப் பட்டறை போட்டவள். டெம்போ நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீருக்கும் அவளோடு மல்லுக்கட்டாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவளைத் தலைவராக்க யாரும் கனவிலும் நினைத்ததில்லை. விடுவிடுவென்று போய்ச் சாவியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“தோத்தா எல்லாரும் சேந்தே தோப்போம். நான் கடைசியாத்தான் தொறப்பேன். மனசு உள்ளவங்க வைங்க.”

அவளுடைய பரம எதிரி சென்னியப்பன்தான் முதலில் எழுந்துபோய்ச் சாவியை வைத்தார். அப்புறம் என்ன, தட்டு கொள்ளவில்லை. அருள்செல்வனின் சாவி மட்டும் இன்னும் பைக்குள்ளேயே கிடந்தது.

கூட்டம் கலைகிற நேரம் அவள் அவனிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“காலையில ஒன் பட்டறையில துணி எறங்குனத பாத்துட்டேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. திருப்பி அனுப்பிட்டு வா அருளு. கம்பெனிக்காரங்ககிட்ட பேச நீ எங்கூட வேணும்.”

அடேயப்பா! கூட்டத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் அவன் ஜென்மத்துக்கும் தலைநிமிர்ந்திருக்க முடியாது. இவளையா இத்தனை நாள் வெறும் சண்டைக்காரி என்று நினைத்திருந்தோம் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்து கம்பெனி மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, துணி திரும்பி வருகிறது என்றான். மேனேஜர் சிரித்தார். மாமாவுக்கு அப்புறம் தலைவர் நீங்கள்தானே, நமக்குள்ளே பேசி முடித்துக்கொள்ளலாமே என்றார்.

“இல்லீங்க,” என்றான் அருள்செல்வன். “தலைவரு விஜயராணி அக்காங்க. பேசறதுன்னா நீங்க இங்க வந்து பேசோணுமுங்க.”