தொண்ணூற்றாறு பக்கத் துறைமுகம்

பிரெஞ்சு நகரமான துலூசிலிருந்து விடுமுறைக்கு வந்த கிளோத் இரண்டு புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் சித்தப்பா மகன் ஜோர்தானின் கை தானாகவே தடித்த புத்தகத்துக்குப் போனது. அறிவுமதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேர்ந்தெடுக்க வேண்டியவள் அவள்தான்.

2006 ஆகஸ்ட். குருசுக்குப்பத்தில் ஏலிஸ் வீட்டு மாடியறையில் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஏலிஸ், ஒசேன், ஜோர்தான், அறிவுமதி என்று நாலு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்ற மூவரும் வீரன், திருடி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடத்தில் கதைக்குள் புகுந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை நடக்கும் கற்பனை உலகத்தில் ராஜா யார், தெரு எது, சாமி எது என்று விவரம் தருவதற்காகவே இப்படிப்பட்ட புத்தகங்கள் வருகின்றன. கதை சொல்பவரின் நாற்காலியில் இரண்டு வருடமும் ஜோர்தான்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் வரும் இந்தப் புத்தகங்கள் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நடுவில் ஒருமுறை ஒசேன் கதை சொல்லிப் பார்த்தான். கோட்டைக்கு வடக்கு வாசல் என்று அவன் சொன்னால், இல்லை, கிழக்கு என்றான் ஜோர்தான். மந்திரி இளைஞன் என்றால், அறுபது வயது, பக்கம் எழுபது என்றான். பத்தே நிமிடத்தில் ஒசேன், நீயே சொல்லிக்கோ என்று பகடையைத் தள்ளிவிட்டான்.

இப்போது அறிவுமதியின் முறை. சாரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள், மில்லில் வேலை போய்க் காவலாளியாக இருக்கிறவரின் மகள், கல்லூரியில்தான் பிரெஞ்சைத் தொட்டவள். இந்த வாய்ப்பை அவளே கேட்டு வாங்கினாள். ஒரே ஒரு ஞாயிறு. சொதப்பினால் நாற்காலி மறுபடி ஜோர்தானுக்கு, அப்புறம் யாரும் கேட்கக்கூடாது என்று பேச்சு. ஒரு புத்தகத்தை இங்கே விட்டுவிட்டு மற்றதைச் சென்னை நண்பனுக்குக் கொடுக்கப்போவதாகவும், எது என்பதைக் கதை சொல்கிறவரே முடிவு செய்யட்டும் என்றும் கிளோத் சொல்லியிருந்தான்.

தடித்தது முந்நூற்றிருபது பக்கம். ஒரு பேரரசு முழுக்க அதில் இருந்தது: எந்தச் சாவடியில் என்ன சாப்பாடு என்பதுவரை. ஒல்லியானது தொண்ணூற்றாறு பக்கம், ஒரு கடற்கரையைப் பற்றியது. வரைபடத்தில் பாதிக்கரைதான் வரைந்திருந்தார்கள். மீதி வெறும் வெள்ளை.

அவளுக்கும் முதலில் தடித்ததன்மேல்தான் கண். யார் எதைக் கேட்டாலும் பதில் இருக்குமே. சும்மா ஒரு பக்கத்தைப் புரட்டி, மலைநகரத்து ஆளுநர் யார் என்று வாய்விட்டுப் படித்தாள். அவள் கண் பெயருக்குப் போகுமுன் ஜோர்தான் பெயரைச் சொன்னான், மனைவி பெயரைச் சொன்னான், அவருக்கு யார் விஷம் வைப்பார்கள் என்பதையும் சொன்னான். போன கோடையில் பாரீஸில் மாமா வீட்டில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தானாம்.

அறிவுமதி புத்தகத்தை மூடினாள். அந்த நாட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஜோர்தான் உட்கார்ந்திருப்பான்.

"ஒல்லியா இருக்கிறதே போதும்ணா," என்றாள் கிளோத்திடம்.

"அது புத்தகமா? கல்யாணப் பத்திரிகை," என்றான் ஜோர்தான். "ஒரு மணி நேரத்துல தீந்துடும். அப்புறம் இன்னா பண்ணுவ?"

நாலு நாள் அகராதியோடு படித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி அவளை நிறுத்தியது. கடல் உள்வாங்கும் நேரத்தில் செத்த மாலுமிகள் இந்தத் துறையில் கரையேறுகிறார்கள். ஏன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவுதான் இருந்தது.

ஞாயிறு மதியம் மூவரின் கப்பலையும் அந்தத் துறையில் இறக்கினாள். சுங்கச்சாவடி வாசலில் நீண்ட வரிசை. எல்லாரும் மூழ்கிச் செத்தவர்கள், ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள், ஆளுக்கொரு காகிதம் கையில். உயிரோடு இருப்பதாக எழுத்தர் முத்திரை குத்தினால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

முதலில் சிரித்தவள் ஏலிஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதியம் வாங்க வருடாவருடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அவள் அப்பா அந்த வரிசையில் இதே முகத்தோடுதான் நிற்பாராம்.

"புத்தகத்துல அப்படி இல்ல," என்றான் ஜோர்தான்.

அறிவுமதி நாற்பத்தொன்றாம் பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். அடுத்த பக்கம் புரட்டினான். வரைபடம், வெள்ளை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

எழுத்தர் அவனுடைய வீரனைத்தான் முதலில் கூப்பிட்டார். "நீ உயிரோட இருக்கேன்னு எதை வச்சு நம்புறது?"

வாளைக் காட்டினான். செத்தவர்களிடம் இதைவிட நல்ல வாள் இருக்கிறது என்றார் எழுத்தர். மூச்சைக் காட்டினான். கடல்காற்று என்றார். எந்தக் கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்திருக்கிறவன், தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்தான்.

"எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றான்," என்றான் கடைசியில். "செத்தவனுக்கு இன்னா பயம்?"

அறிவுமதி பகடையை அவனிடம் நீட்டினாள். இருபது முகப் பகடையில் பதினெட்டு விழுந்தது. எழுத்தர் முத்திரை குத்தினார். ஒசேன் மேசையை ஓங்கித் தட்டினான். வரிசையில் நின்ற செத்தவர்கள் எல்லாரும் வீரனைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவர் மெல்ல அவன் தோளைத் தொடுகிறார் என்று சொல்லி, அந்த இடத்தில் அறிவுமதி புத்தகத்தை மூடினாள். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பக்கத்தைத்தான் தொட்டிருந்தாள்.

நாற்காலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எல்லாரும் எழுந்த பிறகும் ஜோர்தான் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு. லேட்டா வந்தா உன் ஆளு வரிசையில கடைசி."

அவன் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டான்.